முனிரத்தினத்துக்கு விருது கொடுக்காத ஆண்டு

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்லூரியின் தாவரவியல் துறையிலிருந்து ஓர் இளம் பேராசிரியை கூப்பிட்டார். சிறந்த கற்பித்தலுக்கான விருதுக்கு விண்ணப்பிக்கிறாராம். பாடம் நடத்துவதை ஐந்து நிமிடம் படம்பிடித்து அனுப்ப வேண்டுமாம்.

"எந்த அஞ்சு நிமிஷத்தை அனுப்பலாம் மேடம்? நீங்கதான் அந்தக் காலத்துல விருதுக் கமிட்டியில இருந்தீங்கன்னு சொன்னாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தபோது முனிரத்தினம் ஞாபகத்துக்கு வந்தார். அவர் கதையை எழுதிவிட்டால் அந்தப் பெண்ணே ஏதாவது முடிவு செய்துகொள்வாள் என்று தோன்றியது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடிப் படைத்துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அங்கிருந்தே நகரத்துக்கு ரயிலில் போய் எம்.எஸ்ஸி. முடித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பாடம் நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு யார் எப்படி நடத்தினார்களோ அப்படியே நானும் நடத்தினேன். நோட்ஸ் படிப்பேன், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். படத்தைக் கரும்பலகையில் வரைவேன், வரைந்துகொள்வார்கள். சில ஆண்டுகள் அப்படியே ஓடின.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போலத் தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் திருவேற்காடு, காட்டுப்பாக்கம், பூந்தமல்லி சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள். அப்பா அம்மா வயல் வேலை செய்தவர்கள். வயலெல்லாம் ஷெட்டாக மாறியபின் அந்த ஷெட்டுகளிலேயே வேலைக்குப் போனவர்கள். பிள்ளைகள் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்து, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது. பாடத்திட்டமும் தேர்வும் எங்கள் கைக்கு வந்தன. அதே சமயத்தில் புது முதல்வரும் வந்தார். ஞானப்பிரகாசம் என்று பெயர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். யாராவது அறைக்குள் வந்து பேச ஆரம்பித்தால் முதலில் எழுந்து மேஜை விசிறியை நிறுத்துவார். சித்திரை வெயிலாக இருந்தாலும் நிறுத்துவார். "இப்ப சொல்லுங்க" என்பார். வியர்வை வழிய எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவோம். புகார் என்று போனால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நீங்க பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" கேள்விப்பட்டேன் என்றால் விசிறியை மறுபடி போட்டுவிடுவார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஆண்டுதோறும் நன்றாகப் பாடம் நடத்தும் ஒருவருக்கு விருது தரலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்து அந்தப் பொறுப்பை அவரிடம் விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கமிட்டிக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கச் சொன்னார். தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"அது பசங்களோட மார்க்கும்மா. சனிக்கிழமை ட்யூஷன்ல வாங்கினதா, வகுப்புல வாங்கினதான்னு யாருக்குத் தெரியும்? நீங்க போய் உக்காருங்க."

அவர் வகுத்த நடைமுறையை இன்றும் அப்படியே சொல்வேன். முதலில் நான் முன்னறிவிப்பு இல்லாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். கையில் பேனா, தாள் எதுவும் இருக்கக்கூடாது; எழுதுகிறவரைப் பார்த்தால் ஆசிரியருக்குக் கை நடுங்கும் என்பார். வெளியே வந்த சூட்டோடு எழுதிவிட வேண்டும். எழுதும்போது ஆசிரியர் என்ன செய்தார் என்று எழுதக்கூடாது. மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். அதன்பின் வெளிக் கல்லூரியிலிருந்து அந்தப் பாடத்து நிபுணர் ஒருவர், தேதி சொல்லிவிட்டு வந்து பார்த்து, பாட அறிவு, பேச்சு நடை என்று மதிப்பெண் போடுவார். இரண்டு அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு கமிட்டி முடிவெடுக்கும்.

ஆசிரியர் சங்கத்தில் இதை உளவு என்றார்கள். ஓய்வறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அது கொஞ்ச நாள்தான்.

மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுவது எவ்வளவு கடினம் என்று முதல் ஆண்டே தெரிந்துபோயிற்று. ஒரு மூத்த பேராசிரியர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அத்தனை பேரும் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவனின் நோட்டை எட்டிப் பார்த்தேன். வேறொரு பாடத்தின் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். வெளியே வந்து "மாணவர்கள் எழுதினார்கள்" என்று எழுதிவிட்டு, எதை எழுதினார்கள் என்பதையும் எழுதினேன். முதல்வர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "சரியா பாத்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

முனிரத்தினத்தின் விஷயம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. இயற்பியல் துறை விரிவுரையாளர். காட்டுப்பாக்கத்துக்காரர். அவருடைய அப்பா நடவு வேலை செய்துவிட்டுப் பிறகு லாரி செட்டில் மூட்டை தூக்கியவர். விருதுக்கு அவர் பெயரை முன்மொழிந்தது முதலாண்டு மாணவர்கள். அதே வாரத்தில் அவருடைய துறைத் தலைவர் ராகவன் முதல்வர் அறைக்குப் புகாரோடு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். விசிறி நின்றது.

"இங்கிலீஷ் மீடியம் வகுப்புல குப்பத்துப் பேச்சு பேசறார் சார். 'இன்னா', 'கீது', இதுதான் பேச்சு. பசங்களும் அப்படியே பதில் சொல்றாங்க. நாளைக்கு இவங்க எந்த இன்டர்வியூவுக்குப் போவாங்க? அவருக்குத் தியரி வகுப்பே வேண்டாம். ஆய்வகத்தை மட்டும் பார்த்துக்கட்டும்."

"பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?"

"பாத்தேன் சார். ஜன்னலுக்கு வெளியே நின்னு பாத்தேன்."

முதல்வர், "விருதுக் கமிட்டி எப்படியும் அவர் வகுப்பைப் பாக்கப் போகுது. அந்த முடிவு வரட்டும். நான் உங்களுக்கும் பதில் சொல்றேன்" என்றார்.

இப்படியாக ஒரே பரிசோதனையில் அந்த மனிதருக்கு விருதும் இருந்தது, வகுப்பு பறிபோகும் ஆபத்தும் இருந்தது.

நான் போய் உட்கார்ந்த அன்று அவர் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து மேலே இரண்டு உருளைகளை வைத்திருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கியவை. ஒன்று கெட்டியான அலுமினியத் துண்டு, இன்னொன்று இரும்புப் பைப்புத் துண்டு. எடை ஒன்று, நீளம் ஒன்று, வெளிச்சுற்றும் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் கீழே வரும் என்பது கேள்வி. வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. விட்டார். அலுமினியம் முந்தியது. மறுபடி விட்டார். மறுபடியும் அதுவே முந்தியது.

"இன்னாத்துக்கு பைப்பு லேட்டா வருது? வெயிட்டு ஒண்ணுதானே? ஊட்ல நைனா கேட்டா இன்னா சொல்லுவ? அப்படிச் சொல்லு" என்றார்.

அதன்பின் அந்த அறையில் நடந்ததை விவரிப்பது கஷ்டம். ஒருத்தன் காற்று என்றான், அவன் பக்கத்தில் இருந்தவனே அவனை மடக்கினான். பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து பைப்பை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் அவர்கள் வீட்டில் பேசும் பேச்சு. ஒரு வழியாகக் காரணத்தைப் பிடித்ததும் முனிரத்தினம் கரும்பலகை பக்கம் போனார். அதே விஷயத்தைப் பாடநூல் தமிழில் ஒருவரைச் சொல்ல வைத்தார். பிறகு ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் சொல்லும்போது திக்கினார்கள், ஆனால் சொல்லிக்கொண்டிருப்பது என்ன என்று தெரிந்து திக்கினார்கள். ஒவ்வொரு கருத்துக்கும் இப்படி மூன்று சுற்று. ஊட்டுப் பேச்சு, புக்குப் பேச்சு, பரீட்சைப் பேச்சு என்று அவற்றுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். மூன்றாவது சுற்று முடியாமல் யாரையும் வெளியே விடமாட்டார். இதை ராகவன் ஜன்னலில் நின்று பார்த்திருக்க முடியாது. அவர் முதல் சுற்றிலேயே போய்விட்டிருப்பார்.

படியிறங்கும்போது முனிரத்தினத்திடம் இந்த முறை எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"நான் பி.எஸ்ஸி. ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம். ஆனா மொமென்ட் ஆஃப் இனர்ஷியான்னா அது ஒரு ஃபார்முலாதான்னு நெனச்சுக்கினு இருந்தேன். அது ஒரு பொருள் பண்ற வேலைன்னு பாடம் நடத்த வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. இவங்களுக்கு அவ்ளோ நாள் ஆவக் கூடாது இல்ல?"

நிபுணர் வரும் நாள் குறிக்கப்பட்டது. டாக்டர் சுந்தரேசன் நகரத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியர். பாடநூல் எழுதியவர், நேர்மையானவர் என்று பெயர். நானும் அவரோடு போய் உட்கார்ந்தேன். ராகவனும் வந்து உட்கார்ந்தார்.

முனிரத்தினம் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பலகை இல்லை, உருளை இல்லை. கரும்பலகையில் தலைப்பை எழுதி அடிக்கோடிட்டார். மணி அடிக்கும்வரை ஆங்கிலம். பிழை இல்லாத, சீரான ஆங்கிலம். வரையறை, நிரூபணம், கணக்கு. மாணவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன் வாரம் பைப்பை விரலில் மாட்டிப் பார்த்த தனலட்சுமி என்ற பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ புது மனிதரைப் பார்ப்பதுபோல. கேள்வி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாருக்கும் இல்லை.

சுந்தரேசன் மனநிறைவோடு எழுந்தார். "தெளிவான, தரமான விரிவுரை. இந்த ஆண்டு நான் பார்த்ததிலேயே சிறந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரைவிட மகிழ்ச்சி ராகவனுக்கு. முதல்வர் அறையில் அவரே பேசினார்: "பாருங்க சார், அவருக்கு முடியுது. விருதைக் கொடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. இனிமே இப்படியே நடத்தணும்னு மட்டும் எழுதி வாங்கிக்குங்க."

என் அறிக்கையும் சாதகமாகத்தான் இருந்தது. விருது கைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலை முனிரத்தினம் எங்கள் துறைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"மேடம், அந்த விருது எனக்கு வேணாம்."

"ஏன்?"

"நேத்து நான் எடுத்தது என் கிளாஸ் இல்ல. பெரிய மனுஷர் வராரு, சிரிச்சிடுவாரேன்னு பயந்துக்கினு எடுத்தேன். கிளாஸ் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு தனலட்சுமி வந்து, 'சார், அவரு முன்னாடி எங்க பேச்சு பேச வெக்கமா சார்?'னு கேட்டுட்டா. இன்னா பதில் சொல்றது? நேத்துக்குப் பரிசு வாங்கிட்டா நாளையிலிருந்து நேத்து மாரியேதான் எடுக்கணும். அவங்க யார்கிட்ட போவாங்க?"

நான் அவரை முதல்வரிடம் அழைத்துப் போனேன். விசிறி நின்றது. முனிரத்தினம் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். முதல்வர் அவரை உட்காரச் சொன்னார். யாரையும் அவர் உட்காரச் சொல்லி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சுந்தரேசனை மறுபடி கூப்பிடறேன். உங்க வகுப்பு எதுவோ அதைக் காட்டுங்க. ஆனா ஒண்ணு. அவருக்குப் பிடிக்காமப் போனா விருதும் போகும், ராகவன் முதல்ல கேட்டதையும் நான் செய்யவேண்டி வரலாம். ஒத்துக்கறீங்களா?"

முனிரத்தினம் விரலால் மேஜை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வரச் சொல்லுங்க சார்" என்றார்.

சுந்தரேசன் எரிச்சலோடுதான் வந்தார். ஒரே வகுப்பை இரண்டு முறை பார்க்கச் சொன்னது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்க வேண்டும். கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முனிரத்தினம் சாதாரணச் சட்டையில் இருந்தார். பலகை சாய்ந்தது. உருளைகள் ஓடின. அவர் பேசத் தொடங்கியதும் சுந்தரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு சுந்தரேசன் எழுந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பைப்பு ஏன் பின்தங்குகிறது, ஆற்றல் கணக்கில் விளக்க முடியுமா என்று கேட்டார். வகுப்பு அடங்கிப்போயிற்று.

"சார் கேக்கறது நமக்குத் தெரிஞ்சதுதான். ஊட்டுப் பேச்சுலயே சொல்லுங்க" என்றார் முனிரத்தினம்.

தனலட்சுமி எழுந்தாள். திருவேற்காட்டிலிருந்து வருகிறவள். "பைப்புல வெயிட்டு எல்லாம் ஓரமா கீது சார். அத்த சுத்த வெக்கறதுக்கே பாதி சக்தி பூடுது. மிச்சப் பாதிலதான் அது முன்னாடி ஓடணும். அதான் லேட்டு."

சுந்தரேசன் ஆங்கிலத்தை விட்டுவிட்டார். "பாதின்னு எப்படிம்மா சொல்றே? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றியா?"

"இல்ல சார். பைப்பு எவ்ளோ வேகமா முன்னாடி போவுதோ, அதே வேகத்துலதான் அதோட ஓரம் சுத்துது. வழுக்காம உருளுது இல்ல? வெயிட்டு மொத்தமும் அந்த ஓரத்துலதான் கீது. அப்போ சுத்தற சக்தியும் ஓடற சக்தியும் சமம்தானே?"

அவளே தொடர்ந்தாள். "ஆனா இந்தப் பைப்புக்குக் கரெக்டா பாதி இல்ல சார். கொஞ்சம் கம்மி. இது தடிமனா கீது. தாள் மாரி மெல்லிசா இருந்தாத்தான் சரி பாதி."

சுந்தரேசன் மெல்ல நடந்து முன்னால் போனார். பைப்புத் துண்டை எடுத்து அதன் விளிம்பின் தடிமனைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வைத்துவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றும் மூன்றாவது சுற்றும் நடந்தன. தனலட்சுமி அதே பதிலை ஆங்கிலத்தில் சொன்னபோது இலக்கணம் அங்கங்கே உடைந்தது. ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றாள். எடுத்துக் கொடுத்தது சுந்தரேசன்.

கமிட்டி கூடியது. ஞானப்பிரகாசம் தலைமை, சுந்தரேசன், நான், வேறு இரண்டு துறைத் தலைவர்கள். சுந்தரேசன் முதலில் பேசினார்.

"அன்னிக்கு நான் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கறேன். ரெண்டாவது நாளுக்கு எப்படி மதிப்பெண் போடறதுன்னு எனக்குத் தெரியல. பேச்சு நடைக்கு நான் கொடுக்க மாட்டேன், மனசு ஒப்பல. ஆனா அந்தப் பொண்ணு சொன்ன பதிலை என் எம்.எஸ்ஸி. வகுப்புல எத்தனை பேர் சொல்வாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். இவரைத் தியரி வகுப்புலேர்ந்து எடுத்தீங்கன்னா அது தப்பு."

நான் முனிரத்தினத்துக்கு வாக்களித்தேன். மற்ற இருவரும் நிர்வாகம் கேள்வி கேட்கும் என்று பயந்து எதிராக வாக்களித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுந்தரேசன் வாக்களிக்காமல் ஒதுங்கினார். முதல்வர் என் பக்கம் நின்றார். வாக்குகள் சமமாயின. தலைவர் என்ற முறையில் அவர் முடிவு செய்திருக்கலாம். செய்யவில்லை. "கமிட்டியில பாதிப் பேருக்கு ஒப்புதல் இல்லாத விருதை அவர் வாங்கிக்கிட்டா ஆயுசுக்கும் அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றார். விருது அந்த ஆண்டு கணிதத் துறை அம்மையார் ஒருவருக்குப் போனது. அவரும் நன்றாக நடத்துகிறவர்தான்.

விழா நாளில் முனிரத்தினம் நடு வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். வருத்தம் இருந்திருக்கும். அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து நிபுணரின் மதிப்பெண் தாளில் பேச்சு நடைக்கென்று இருந்த பத்தியை முதல்வர் எடுத்துவிட்டார். மாணவர்கள் மறுபடி முனிரத்தினத்தின் பெயரை முன்மொழிந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். ஒரு தடவை பட்டது போதும் என்றார்.

ராகவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முதல்வர் விழா முடிந்த வாரம் சொன்னார். வாயால் சொல்லவில்லை, புதுப் பருவத்துக்கான கால அட்டவணையில் சொன்னார். முதலாண்டு இயற்பியலில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று முனிரத்தினத்துடையது, இன்னொன்று ராகவனுடையது. இரண்டையும் சேர்த்து முனிரத்தினம் தியரி எடுக்க வேண்டும், ராகவன் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வார் என்று போட்டிருந்தது. ராகவன் பிரிவு மாணவர்கள் பல நாளாக அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

அட்டவணையைக் கையில் பிடித்தபடி முனிரத்தினம் என் அறை வாசலில் வந்து நின்றார். பலகை அவர் தோளில் இருந்தது.

"விருது குடுத்திருந்தா ஒரு நாளோட பூட்டிருக்கும் மேடம். இப்போ பாருங்க, வேலைய டபுளாக்கிட்டாரு" என்று சொல்லும்போதே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது அவருக்கு. "எங்க ரூம்ல இத்தினி பேரு உக்கார முடியாது. உங்க ஹால் திங்கட்கிழமை காலையில காலியா கீதா?"

காலியாக இல்லை. எங்கள் இரண்டாமாண்டு வகுப்பு அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. அதை மாடிக்கு மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். நான் ஓய்வு பெறும்வரை திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு அந்த ஹால் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.